கட்டிப்பால் திரைந்த கட்டுரை

பல வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பாடசாலையொன்றின் ஆண்டு மலருக்கு ‘உம்மாவின் கைமணம்’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல பேர் வாங்கித் தந்த கட்டுரை அது. கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்கிற கூட்டாளிமார் கோல் எடுத்து, “மச்சான், வாசிச்சிக் கண்ணால தண்ணி வந்திட்டு” என்றார்கள். பிறகு இரண்டு இடங்களில் மறுபிரசுரமும் ஆனது. அது ஒரு மோசமான கட்டுரை என்று இப்போது சொல்ல வருகிறேன். பணிவுக்காகச் சொல்லவில்லை. நமது மலர்களிலும் ஊர் வரலாற்று நூல்களிலும் பெருநாள் சிறப்பிதழ்களிலும் வீட்டையும் சாப்பாட்டையும் பற்றி வருகிற எழுத்துகளில் பெரும்பாலானவை அதே அச்சில் வார்த்தவைதான். அவற்றை விமர்சிப்பதென்றால் அடுத்தவர் கட்டுரையை எடுத்துக் கிழிப்பதைவிட என்னுடையதிலிருந்து தொடங்குவது நேர்மை.

கட்டுரையின் பிழையைக் கண்டுபிடித்தவர் என் ராத்தா. போன நோன்புப் பெருநாளன்று அவருடைய பேத்தி பழைய மலரைத் தூசு தட்டி எடுத்து, எல்லாருக்கும் கேட்கச் சத்தமாக வாசித்தாள். இரண்டாவது பந்தியில் நான் இப்படி எழுதியிருந்தேன்: ‘கட்டித் தேங்காய்ப்பாலில் இறைச்சி நாலு மணித்தியாலம் மெல்ல மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும், அடுப்படியில் உம்மா பொறுமையே உருவாக உட்கார்ந்திருப்பா.’

ராத்தா சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“இத எழுதினவன் எங்கட ஊட்ட வளந்தவனா? கட்டிப்பால ஊத்தி நாலு மணித்தியாலம் கொதிக்க வெச்சா திரைஞ்சி, எண்ண வேற தண்ணி வேறயாப் பிரிஞ்சி போகும் தம்பி. உம்மா ஒரு நாளும் அப்பிடி ஆக்கல்ல. அதுவும், உம்மா எப்ப குந்திக்கிட்டு இருந்தா?”

ஒரு வசனத்தில் இரண்டு பிழை. முதலாவது சமையல் பிழை. தேங்காயைப் பிழிந்தால் மூன்று பால் வரும். மூன்றாவதாகப் பிழிந்த தண்ணிப்பாலில்தான் இறைச்சி வேகும். பாதி அவிந்த பிறகு இரண்டாம் பால். வறுத்து அரைத்த அரிசியும் தேங்காயும் அதற்குப் பிறகு, ஆணம் தடிப்பதற்கு. விறகை வெளியே இழுத்துத் தணலை மட்டும் விட்டபிறகு கடைசியாகக் கட்டிப்பால். ஒரு கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். அகப்பையால் துழாவிக்கொண்டே இருக்கவும் வேண்டும். இது தெரியாதவர் எங்கள் வீட்டுப் பெண்களில் ஒருவரும் இல்லை. வாழ்நாள் முழுக்க அதைச் சாப்பிட்டு, அதைப் பற்றி எழுதிப் பேரும் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதை நான் பார்வைப் பிழை என்பேன். மெல்ல வேகிற சாப்பாடென்றால் அடுப்பில் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருக்கிறேன். விறகடுப்பில் ‘மெல்ல’ என்பது தானாக நடப்பதில்லை. பொச்சு மட்டை படக்கென்று பற்றும், படக்கென்று அடங்கும். தென்னம்மட்டை கொஞ்ச நேரம் நிற்கும். கட்டை விறகு தணல் தரும், ஆனால் மழைக்காலத்தில் புகையும். எதை எப்போது தள்ளுவது, எதை எப்போது இழுப்பது என்பதுதான் அந்த ‘மெல்ல’. அதற்கிடையில் அம்மியில் கூட்டரைப்பு, கிணற்றடியில் பாத்திரம், தொட்டிலில் தம்பி. உம்மா உட்கார்ந்திருக்கவில்லை. உட்கார வைத்தது நான், கட்டுரையின் வசதிக்காக.

இந்தப் பொறுமையின் வடிவமான தாய் நமது எழுத்தில் எங்கும் இருக்கிறார். ‘கைமணம்’, ‘கைப்பக்குவம்’ என்ற சொற்களை எழுதும்போது நாம் பாராட்டுவதாகவே நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சொல் வந்தவுடன் விசாரணை நின்றுவிடுகிறது. கையில் மணம் இருக்கிறதென்றால் அது பிறவிக்கொடை. கற்றதும் கணக்குப் பார்த்ததும் தவறிப்போய்த் திருத்தியதும் இல்லை என்றாகிவிடும். வாப்பாவின் வியாபாரத்தைப் பற்றி எழுதும்போது அப்படி எழுதுவோமா? எந்தச் சந்தையில் எந்த நாள், எந்த வண்டியில், எவ்வளவு கடன் என்று எழுதுவோம். மாமாவின் வயலைப் பற்றி எழுதினால் வரம்பு, வாய்க்கால், போடியார், முல்லைக்காரன் எல்லாம் வரும். குசினிக்கு வந்தவுடன் மணமும் கண்ணீரும் மட்டும்தான் மிஞ்சும்.

ஊர் வரலாற்று நூல்களை எடுத்துப் பாருங்கள். பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள், முதல் ஆசிரியர், முதல் டொக்டர், கிராம சபைத் தலைவர்கள், விளையாட்டுக் கழகங்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாக ஓடும். கடைசிக்குக் கிட்ட ‘பண்பாட்டுக் கோலங்கள்’ என்ற தலைப்பில் இரண்டு பக்கம். அதில் ஒரு பந்தி உணவு. வட்டிலப்பம், நோன்புக் கஞ்சி, இடியப்பம், மாசிச் சம்பல், இறைச்சி ஆணம் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். வட்டிலப்பம் மலாயரிடமிருந்து வந்ததா, வட்டிலில் அவித்த அப்பம் என்பதால் வந்த தமிழ்ப் பெயரா என்று சிலர் மூன்று பந்தி வாதிட்டிருப்பார்கள். அது எப்படி அவிகிறது என்று ஒரு வரி இருக்காது. முட்டையும் சர்க்கரையும் கட்டிப்பாலும் சேர்ந்த அந்தக் கலவை, ஆவி அதிகமானால் ஓட்டை ஓட்டையாகிப் போகும். மூடியிலிருந்து வேர்வைத் தண்ணி சொட்டாமல் துணி கட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது, ஆறி இறுக நேரம் வேண்டும். ஆகவே அது பெருநாள் காலையில் செய்யக்கூடியதல்ல. முதல் நாள் இரவுக்குரியது.

முதல் நாள் இரவு என்றதும் என் கட்டுரையின் மூன்றாவது பிழை வருகிறது. ‘பிறை கண்ட இரவின் ஆனந்தம்’ என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். மஃரிபுக்குப் பிறகு வானொலிப் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருப்போம், கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வரும், தக்பீர் கேட்கும், சீன வெடி கொளுத்துவோம். எல்லாம் உண்மைதான். ராத்தா கேட்டார்: “பிறை கண்டா ஒங்களுக்குப் பெருநாள். எங்களுக்கு?”

அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த இரவு வேறொன்றாகத் தெரிந்தது. அன்று எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. நாளைக்குப் பெருநாளா, இன்னும் ஒரு நோன்பா என்று இரவு எட்டு மணி வரை தெரியாது. தேங்காயை முன்கூட்டித் துருவி வைத்தால் புளித்துவிடும். இறைச்சி வாங்கியாயிற்று, பிறை தெரியாவிட்டால் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து வைக்க வேண்டும், இன்னொரு நாளைக்குக் காப்பாற்ற. அதற்கிடையில் ஸஹருக்குச் சோறும் வேண்டும். ஆகவே உம்மா இரண்டு திட்டத்தோடு நிற்பார். அறிவிப்பு வந்த நிமிடம் திருவலையில் ராத்தா, அம்மியில் சாச்சி, அடுப்பில் உம்மா. வட்டிலப்பம் அவிந்து இறங்க நடுச்சாமம் தாண்டும். சுபஹுக்கு முன் இடியப்பம் பிழியத் தொடங்க வேண்டும். அந்த மாவோ இடித்து, அரித்து, வறுத்துப் பல நாளைக்கு முன்பே தயார். நாங்கள் தொழுதுவிட்டு அத்தர் மணக்க வரும்போது எல்லாம் மேசையில் இருக்கும்.

எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு, ஒரே வீட்டில் ஒரே இரவில் இரண்டு நேரங்கள் ஓடியது தெரியாமல் போயிருக்கிறது. இது பெரிய கதைப் பொருள். பிறை தெரியுமா தெரியாதா என்று காத்திருக்கிற ஒரு பெண்ணின் இரண்டு மணித்தியாலத்தில் எவ்வளவு இறுக்கம் இருக்கிறது! நான் வாசித்த அளவில் நமது கதைகளில் அது வரவில்லை.

இந்த இடத்தில் நான் இன்னொரு பிழை விட இருந்தேன். ராத்தாவின் பேச்சைக் கேட்டுவிட்டு எனக்குக் குற்ற உணர்ச்சி பொங்கியது. ஆண்கள் சஹனில் சுற்றியிருந்து சாப்பிட்டு எழுந்த பிறகு, பெண்கள் குசினியில் ஆணச் சட்டிக்குள் சோறு போட்டுத் துடைத்துச் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. “எங்களுக்கு நல்ல துண்டெல்லாம் தந்துபோட்டு நீங்க மிச்சத்தத்தானே திண்டீங்க” என்றேன், குரல் தழுதழுக்க.

ராத்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“நீ இப்ப எங்கள அழ வெக்கப் பாக்காய். சட்டிச் சோறுதான்டா ருசி. அடியில புடிச்ச மசாலா முழுக்க அதிலதான் இரிக்கி. ஒங்கட சஹன்ல என்ன இரிந்திச்சி? நாங்க அஞ்சாறு பொம்புளைகள் அந்தச் சட்டியச் சுத்திக் குந்தி, ஒங்க எல்லாரயும் பத்திக் கதைச்சிச் சிரிச்ச சிரிப்பு ஒங்களுக்குத் தெரியுமா? களைப்புத்தான். இல்லெண்டு சொல்லல்ல. முதுகு முறியிற களைப்பு. ஆனா அது எங்கட நேரம்.”

உள்ளூர் இலக்கிய அமைப்பொன்றின் சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருந்தபோது ஒரு கட்டுத் தாளை வாசித்தேன். அதில் குசினி வந்த கதைகளெல்லாம் ஒன்றுபோலவே இருந்தன: கரிபிடித்த சுவர், புகை, இருமல், அடுப்புக்குள் எரிந்துபோன கனவு. கைமணக் கட்டுரைக்கு எதிர்ப்பாக எழுதப்பட்டவை அவை, நோக்கம் நல்லது. ஆனால் அவற்றிலும் குசினிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. மலர்க் கட்டுரையில் உம்மா சும்மா இருக்கிறார், கதையில் பெண் சும்மா வேகிறாள். இருவருக்கும் வேலை தெரிவதில்லை. வேலையில் பெருமையும் கோபமும் போட்டியும் பகிடியும் இருப்பதில்லை. மாமியின் ஆணத்தில் கொறுக்காய் கூடிப்போனதை வைத்து மூன்று மாதம் நடந்த வாய்த்தர்க்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு. அதை எழுதினால் ‘இதெல்லாம் இலக்கியமா’ என்பார்கள். 1960களில் மரபுப் போராட்டம் நடந்தபோது, பேச்சுமொழியை எழுதலாமா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியாயிற்று. தென்பகுதி முஸ்லிம்களின் பேச்சைத் திக்குவல்லை கமால் கதைகளில் கொண்டுவந்து வைத்தார். கிழக்கின் பேச்சும் வந்துவிட்டது. சொல் வந்துவிட்ட அளவுக்கு அந்தச் சொல்லுக்குரிய வேலை இன்னும் வரவில்லை.

நாட்டார் கவிகளைப் பாருங்கள், அங்கே இந்தச் சிக்கல் இல்லை. அனார் தொகுத்த கிழக்கிலங்கை நாட்டார் பாடல்கள் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற பெயரில் 2013இல் க்ரியா வெளியீடாக வந்தன. அந்தக் கவிகளைப் பாடியவர்களுக்கு வேலியும் கிணறும் வயலும் அலங்காரமல்ல. அவற்றைக் கொண்டுதான் அவர்கள் பேசினார்கள். ஆசையையும் ஏசுதலையும் அவற்றின் மேல்தான் ஏற்றினார்கள். எழுதப் படித்த நாம் அந்தப் பொருள்களை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டோம்.

இனி வளவுக்கு வருகிறேன். சொல்ல வந்ததில் பாரமான பகுதி இதுதான்.

என் கட்டுரையில் எங்கள் பின்வளவு ‘இயற்கை அன்னை தந்த கொடை’யாக இருந்தது. முருங்கை, கறிவேப்பிலை, ரம்பை, ஈரப்பலா, தேசி, பப்பாசி, வேலியில் படர்ந்த முசுட்டை. பட்டியல் சரி என்று ராத்தா ஒப்புக்கொண்டார். “கொடை”க்குத்தான் சிரித்தார். சாய்ந்தமருதுப் பக்கத்து மண் கடற்கரை மணல். ஊற்றுகிற தண்ணி நிற்காது. அதில் எதுவும் தானாக வளர்ந்ததில்லை. உம்மா குழி வெட்டிப் பொச்சைக் குப்புறப் போட்டு மூடி, அதற்கு மேல்தான் நடுவார்; பொச்சு தண்ணியைப் பிடித்து வைத்திருக்கும். மீன் கழுவிய தண்ணி கறிவேப்பிலைக்கு. அரிசி கழுவிய தண்ணி ரம்பைக்கு. அடுப்புச் சாம்பல் கத்தரி இலைக்கு, பூச்சிக்கு எதிராக. கிணற்றடித் தண்ணி ஓடுகிற வழியில் முருங்கை. அது அங்கே நின்றது தற்செயலல்ல. மூத்தம்மாவின் மரத்திலிருந்து ஒரு கொப்பு வெட்டி, தண்ணி எங்கே போகிறதென்று பார்த்து உம்மா நட்டது. குசினியில் கழிகிற எதுவும் வளவுக்குப் போகும்; வளவில் வளர்ந்தது குசினிக்கு வரும். இரண்டும் ஒரே வேலை. அதை நான் ‘வீடு’ என்றும் ‘இயற்கை’ என்றும் இரண்டு தலைப்பில் எழுதியிருந்தேன்.

அந்த வளவு இன்று இல்லை. ஏன் இல்லை என்பதை என் கட்டுரை ‘நவீன வாழ்க்கையின் வேகம்’ என்று ஒரு வரியில் முடித்திருந்தது. இதைப் பிழை என்று சொல்வதும் போதாது. பொய்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணம் முடித்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். டெனிஸ் மக்கில்வ்ரே 1969இலிருந்து அக்கரைப்பற்றுப் பகுதியில் செய்த களஆய்வு 2008இல் நூலாக வந்தது. தாய்வழியாக, மகள்மாருக்குச் சீதனமாக வீடு போகிற இந்த வழமையை அதில் விரிவாகக் காணலாம். நமக்கு அது புதினமல்ல, நாம் வாழ்கிற விதம். மூத்தம்மாவின் வளவு நாற்பது பேர்ச். அதாவது கால் ஏக்கர். மூன்று பெண்மக்கள், ஆளுக்குப் பதின்மூன்று பேர்ச் சொச்சம். உம்மாவுக்கு இரண்டு பெண்மக்கள். ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கு ஆறரை. ராத்தாவின் மூத்த மகளுக்கு நிலத்தில் இடமில்லை, மேல்மாடி எடுத்துக் கொடுத்தார்கள். மேல்மாடிக்குப் படி வைக்க வேண்டிய இடத்தில் முருங்கை நின்றது.

மசுக்குட்டி வருகிறது, பிள்ளைகளுக்குக் கடிக்கும் என்று சொல்லி வெட்டினார்கள். எல்லாருக்கும் தெரியும், மசுக்குட்டி எல்லா வருடமும் வந்ததுதான்.

சீதனத்தைப் பற்றி நாம் எழுதாத எழுத்தில்லை. கைக்கூலி, நகை, குமர் காத்திருத்தல், வாப்பாவின் கடன், காக்காமார் வெளிநாடு போய் உழைத்துத் தங்கச்சிக்கு வீடு கட்டுதல் — கதை, கவிதை, நாடகம், குத்பா வரைக்கும் வந்துவிட்டது. அந்த வீடு எந்த மண்ணில் எழும்புகிறதென்று நாம் கேட்கவில்லை. அது உம்மாவின் தோட்டத்தின் மேல் எழும்புகிறது. ஒவ்வொரு மகளுக்கும் வீடு கொடுக்கும்போது ஒரு தாய் தன் வேலை நடந்த நிலத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்கிறார். கடைசி மகளுக்குக் கொடுத்த பிறகு, தான் நட்ட மரத்துக்குத் தண்ணி ஊற்ற மகளின் வீட்டுப் பின்வாசலால் போக வேண்டிவருகிறது. ஆண்பிள்ளைகள் நாங்கள் ஊர்விட்டு ஊர், வீடுவிட்டு வீடு போய் மனைவிமாரின் குசினியில் சாப்பிட்டுக்கொண்டு, உம்மாவின் கைமணம் போய்விட்டதே என்று கட்டுரை எழுதுகிறோம்.

இதற்கு மேல் 2004 டிசம்பர் 26. கடலோர வளவுகளைச் சுனாமி எடுத்தது. பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பிறகு குறைத்தார்கள். அதற்கிடையில் ஊருக்குள் காணி விலை ஏறியது. நெருக்கம் எங்களுக்குப் பழையதுதான், ஆனால் அதன் பிறகு ஒரு பேர்ச்சைக்கூடச் செடிக்கென்று விடுவது முட்டாள்தனமாகத் தெரியத் தொடங்கியது. இதைச் சொல்வது சீதன வீட்டை ஒழி என்று கோஷம் போட அல்ல. மகளுக்கு வீடிருப்பது அவளுக்குப் பலம். கணவன் கோபித்தால் வெளியே போகிறவன் அவன்தான். ஆனால் அந்தப் பலத்துக்கு எது விலையாகப் போனது என்பதையும் எழுத்து பார்த்திருக்க வேண்டும்.

விலை என்ன என்பது 2022இல் தெரிந்தது. கேஸ் இல்லை. ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய் என்றார்கள், அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. விறகடுப்பு திரும்பி வந்தது. அந்த மாதங்களில் நமது பத்திரிகைகளில் வந்த சில பத்திகளை நான் வெட்டி வைத்திருக்கிறேன். ‘விறகடுப்புச் சோற்றின் மறந்துபோன சுவை’ என்ற தோரணையில் எழுதப்பட்டவை. எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். என் கட்டுரையின் தம்பிமார்தான் அந்தப் பத்திகள், அதனால் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. ராத்தாவின் குசினி தரை ஓடு பதித்தது, புகைக்கூடு கிடையாது. பின்பக்கம் ஆறடி, மதில். அந்த ஆறடிக்குள் மூன்று கல் வைத்து, பழைய கதவுப் பலகையை உடைத்து எரித்துத்தான் அவர் சோறு ஆக்கினார். புகை மதிலில் மோதித் திரும்பி வீட்டுக்குள் வரும். பழைய குசினி வளவோடு சேர்ந்த குசினி. காற்றுக்கும் விறகுக்கும் அதில் இடமிருந்தது. வளவில்லாமல் அடுப்பு மட்டும் திரும்பி வந்தால் அது பழைய சுவை ஆகாது.

அதே வருடம் ஜூனில் அரசாங்கம் உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்தது, மூன்று மாதத்துக்கு, வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி. மச்சான் அரச உத்தியோகத்தர். ஆறரைப் பேர்ச்சில் வீடு போக மிஞ்சிய இடத்தில் எதை நடுவது? ராத்தாவிடம் கேட்டேன். “வெள்ளிக்கிழம லீவெண்டா ஜும்ஆவுக்குப் போய்த்து வந்து நல்ல சோறு கேப்பாங்க. தோட்டமெங்க? எனக்கு வேலதான் கூடின.” இரண்டு பெயின்ட் வாளியில் கறிவேப்பிலையும் ரம்பையும் அன்று வைத்தது. இன்றும் படிக்கடியில் நிற்கின்றன.

பட்டியல் எழுத்தை இவ்வளவு குறை சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வகைப் பட்டியலுக்கு முன் நான் வாய் திறக்க மாட்டேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் தங்கள் வளவுகளைப் பற்றி எழுதுகிறவை அவை. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் தந்தார்கள். காணி உறுதியைக்கூட எடுக்காமல் வந்தவர்கள் உண்டு. அப்படி வந்து புத்தளத்து மணலில் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்த ஒருவர், கிணற்றுக்கு வடக்கே மாதுளை, வேலியோடு இரண்டு தென்னை, கேற்றடியில் மல்லிகைப் பந்தல் என்று எழுதினால் அது ஏக்கம் மட்டுமல்ல. அது எல்லை குறித்தல். 2009க்குப் பிறகு திரும்பிப் போனவர்கள் பற்றைக்காட்டுக்குள் கிணற்றையும் மிஞ்சிய மரத்தையும் வைத்துத்தான் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே மரத்தின் பெயர் சாட்சி. என் கட்டுரையில் மரத்தின் பெயர் எதற்கும் சாட்சியில்லை. ஒருவரும் என்னைத் துரத்தவில்லை. நாங்களேதான் வெட்டினோம், வெட்டியதை மறைத்துத்தான் நான் எழுதினேன்.

எம்.எம். உவைஸ் போன்றவர்கள் முஸ்லிம்களின் தமிழ்ப் பங்களிப்பைத் தேடி, கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, படைப்போர், நாமா என்று நாம் கவனிக்காமல் விட்டவற்றையெல்லாம் எடுத்துத் தூசு தட்டி வகைப்படுத்தி வைத்தார்கள். அந்தப் பொறுமையில் கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை. நமது பெண்களிடம் கொப்பிகள் இருக்கின்றன. ராத்தாவிடம் ஒன்று இருக்கிறது: பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பி, பின்பக்கத்திலிருந்து எழுதியது. அளவு முழுக்கச் சுண்டு, சிரட்டை, கைப்பிடி. நடுவில் ஒரு பக்கத்தில் சீட்டுக் காசு. இன்னொன்றில் யாருக்கு எத்தனை தேங்காய் கடன் என்ற கணக்கு. ‘கச்சான் காத்து நாளயில தேங்கா உப்புப் புடிக்கும், உப்பக் கொறக்கணும்’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. இது சரியா என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு பெண் காற்றையும் தேங்காயையும் உப்பையும் ஒன்றாக வைத்து யோசித்திருக்கிறார். ஆய்வேடு எழுதுகிற பல்கலைக்கழகப் பிள்ளைகள் இந்தக் கொப்பிகளைப் பிரதி எடுக்கலாம். அழகாக்காமல், எழுத்துப்பிழையைத் திருத்தாமல், சீட்டுக் காசையும் தேங்காய்க் கடனையும் வெட்டி எறியாமல்.

நானும் அந்த மலர்க் கட்டுரையைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். ராத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மூன்று இரவு போனது. ‘மெல்ல மெல்ல’ என்று நான் எழுதிய ஒவ்வொரு இடத்திலும் அவர் “என்ன செஞ்சி?” என்று கேட்டார். பாதிக்கு மேல் எனக்குப் பதில் இருக்கவில்லை. அவர் சொல்ல எழுதினேன். அப்படிப் பார்த்தால் அது என் கட்டுரையா என்பதும் ஒரு கேள்வி. மறுபிரசுரம் கேட்டால் யார் பேரைப் போடுவதென்று கேட்டேன். “ஒன்ட பேரப் போடு, பிழ வந்தா ஒனக்குத்தான்” என்றார்.

இந்தக் கட்டுரையையும் அனுப்புமுன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கை வெட்டிய இடம் வந்தபோது ஒன்றும் பேசவில்லை. பொச்சுக் குழி வந்தபோது மட்டும் நிறுத்தினார்.

“குப்புற இல்ல தம்பி. மல்லாக்கப் போடணும், கிண்ணம் மாதிரி. குப்புறப் போட்டா தண்ணி எங்க நிக்கும்?”

மேலே அந்த இடத்தை நான் திருத்தவில்லை. அப்படியே கிடக்கட்டும்.